சகுனத்துக்குப் பயந்து கோட்டையை விட்டவர்கள்

நமதூர் கனகம்மாசத்திரத்துக்கு அடுத்த ஒரு சிற்றூரில் சமீபத்தில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிட்டு, அதற்கும் 1751-ம் வருஷத்தில் ஆற்காட்டுக் கோட்டையில் நடந்த ஒரு சங்கதிக்கும் உள்ள உறவைப் பிறகு சொல்லுகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருநூற்றெழுபது வருஷங்களுக்கு மேல் ஓடிப்போயிருந்தாலும், இரண்டும் ஒரே வியாதிதான் என்பது முடிவில் தானாக விளங்கும்.

நமக்கு வேண்டிய ஒரு வாலிபர். தகப்பனார் இல்லை. தாயாரும், கலியாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் தாய்வீடு வந்து சேர்ந்த ஓர் அக்காளும்தான் குடும்பம். அந்த அக்காள் நடவுக்கும் களையெடுப்புக்கும், அவை இல்லாத நாட்களில் செங்கல் சூளைக்கும் போய்க் கூலி வாங்கித் தம்பியைத் தொழிற்பள்ளி வரையில் படிக்க வைத்தவர். வாலிபருக்கு ராணிப்பேட்டையிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து, இன்ன நாள் காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. திருத்தணிக்குப் போய், அங்கிருந்து சோளிங்கர், வாலாஜாபேட்டை வழியாகப் போகவேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம்.

வாலிபர் விடியற்காலையில் வாசற்படி இறங்கினார். அதே சமயத்தில் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு அக்காள் எதிரே வந்துவிட்டார். "ஐயோ, மூளி எதிர்ல வந்துட்டாளே!" என்று தாயார் கூச்சலிட்டு, மகனைத் திரும்ப உள்ளே அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் செய்து, சுவாமி படத்துக்குச் சூடம் கொளுத்தி, நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினார். முதல் பஸ் போய்விட்டது. வாலிபர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்று சாயந்திரம் அந்த வீட்டில் பழி யார் மேல் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? கூப்பிட்டு உட்கார வைத்த தாயார் மேலா? உட்கார்ந்த மகன் மேலா? இரண்டு பேர் மேலும் இல்லை. "அப்பவே சொன்னேன், இவ எதிர்ல வந்தா எந்தக் காரியம் உருப்படும்?" என்று அந்த அக்காள் மேல்தான் விழுந்தது. யாருடைய கூலிக் காசில் அந்தப் பிள்ளை படித்ததோ, அவர் இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சங்கதியைக் கேள்விப்பட்டு நாம் மறுநாள் அந்த வாலிபரை அழைத்துக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தோம். காரியம் ஆகவில்லை. திரும்புவதற்கு முன், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஆற்காடு வரையில் போய் வரலாம் என்று பஸ் ஏறினோம். பாலத்தின்மேல் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மடியிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆற்றில் போட்டார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. பாலாற்றில் தோல் சாலைக் கழிவு விழுந்து கிணறெல்லாம் கெட்ட காலத்தில், காசு போட்டவர்களால் ஒன்றும் நடக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பொதுமக்கள் மன்றம் ஒன்று வழக்குப் போட்டது. 1996-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது என்பதை அந்தப் பெரியவருக்குச் சொன்னோம். "இருக்கட்டும் தம்பி, ஆத்தா கோவிச்சுக்கக் கூடாது" என்றார். நாம் மேற்கொண்டு பேசவில்லை.

ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டில்லி வாசல் என்று ஒரு கட்டிடம் நிற்கிறது. அது ஒரு காலத்தில் கர்நாடக நவாபுகளின் தலைநகரமாயிருந்த ஆற்காட்டுக் கோட்டையின் மிச்சம். பாலாற்றைத் தாண்டிப் போகிற வழிக்குக் காவலாக ஒரு மைலுக்கு மேல் சுற்றளவுள்ள மதிலும், அகழியும் இருந்த இடம். இன்று வாசல் இருக்கிறது; வாசலுக்குள் கோட்டையைக் காணோம். அந்த வாசல் நிழலில் வாலிபரை உட்கார வைத்துத்தான் கீழ்க்கண்ட சரித்திரத்தை அவருக்குச் சொன்னோம். அதையே உங்களுக்கும் சொல்லுகிறோம்.

1751-ல் சந்தா சாயபு திருச்சிராப்பள்ளியில் முகம்மதலியை முற்றுகை போட்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை; இவருக்கு இங்கிலீஷ்காரர் துணை. முற்றுகையைத் தளர்த்த வேண்டுமானால் சந்தா சாயபுவின் ஊராகிய ஆற்காட்டைப் பிடிப்பதே வழி என்று யோசனை செய்து, கிளைவ் என்கிற 25 வயது வாலிபனைக் கும்பினியார் அனுப்பினார்கள். அவன் முதலில் கணக்கெழுதுகிற குமாஸ்தாவாக வந்தவன். அவனோடு போனவர்கள் வெள்ளையர் 200 பேர், சிப்பாய்கள் 300 பேர். சிறு பீரங்கிகள் மூன்று. ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்தவர்களோ 1,100 பேர். மதில் இவர்களுடையது, அகழி இவர்களுடையது, ஊர் இவர்களுடையது. ஒருவனுக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் கிளைவின் கூட்டம் காஞ்சிபுரத்தைத் தாண்டி வரும்போது பெரிய இடியும் மின்னலும் மழையும் பிடித்துக்கொண்டன. அவர்கள் நிற்காமல் நனைந்துகொண்டே நடந்தார்கள். கோட்டையின் ஒற்றர்கள் இதைக் கண்டு ஓடிவந்து, "இடி மின்னலுக்குக் கொஞ்சமும் அஞ்சாமல் வருகிறார்கள்" என்று சொன்னார்கள். அவ்வளவுதான். இது பெரிய சகுனம், வருகிறவர்கள் சாமானியமானவர்களல்ல என்று கோட்டைக்குள் இருந்த 1,100 பேரும் முடிவு கட்டிக்கொண்டு, ஒரு குண்டு சுடாமல், ஒரு கல் எறியாமல், கோட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள்! இது நாம் கட்டிய கதையல்ல. கும்பினிச் சரித்திரத்தை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த ஓர்ம் என்பவர் இதை எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எழுதியவர்களும் எழுதியிருக்கிறார்கள். சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, 500 பேர் கோட்டைக்குள் நுழைந்தார்கள்.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இடி இடித்தது யார் தலைமேல்? கிளைவின் தலைமேல். மழையில் நனைந்தது யார்? கிளைவின் ஆட்கள். நம்முடைய சகுன சாஸ்திரப்படியே பார்த்தாலும், பிரயாணம் போகிறவனுக்கு முன்னால் இடி மின்னல் வந்தால் அது போகிறவனுக்கல்லவா கெடுதல்? திரும்பிப் போகவேண்டியவன் அவனல்லவா? அப்படியிருக்க, கூரைக்குக் கீழே காய்ந்த துணியோடு உட்கார்ந்திருந்தவர்களை அந்தச் சகுனம் எப்படிப் பிடித்தது? சங்கதி வேறொன்றுமில்லை. சகுனம் நனைந்தவனைப் பிடிப்பதில்லை, நம்பினவனைத்தான் பிடிக்கும். மழை இரண்டு பேருக்கும் பொதுவாகப் பெய்தது. ஒருவனுக்கு அது ஈரத் துணி. மற்றவனுக்கு அது விதி.

சிலர், "வெள்ளைக்காரன் இரத்தம் வேறு, நம்முடைய இரத்தம் வேறு" என்று சொல்லுவார்கள். அதுவும் புரட்டுத்தான். அன்று இடியில் நடந்த 500 பேரில் 300 பேர் யார்? நம்முடைய தேசத்துச் சிப்பாய்கள். கோட்டைக்குள் இருந்தவன் பிறந்த மண்ணில் பிறந்தவன். அவன் கேட்ட தாலாட்டைக் கேட்டவன். அவனுக்கு இருந்த பூதம், பிசாசு, பல்லி, பூனை எல்லாம் இவனுக்கும் இருந்தன. ஆனால் வரிசையில் நடக்கப் பழக்கப்பட்டதனால் நடந்தான். ஆகவே வித்தியாசம் இரத்தத்தில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது. பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் போகும்.

வெள்ளைக்காரனுக்கு மூடநம்பிக்கை இல்லை என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே 1751-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊர்ப்பக்கத்தில், ரூத் ஆஸ்பர்ன் என்ற ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சொல்லி, ஊரார் கூடிக் குளத்தில் அமுக்கிக் கொன்றார்கள். ஆனால் அதற்கு 15 வருஷங்களுக்கு முன்னாலேயே, 1736-ல், சூனியம் என்று சொல்லித் தண்டிக்கிற பழைய சட்டத்தை அந்நாட்டார் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆதலால் சர்க்கார் கிழவியை விசாரிக்கவில்லை. கொன்ற கூட்டத்துக்குத் தலைவனாயிருந்த தாமஸ் காலி என்பவனைப் பிடித்து, 1751 ஆகஸ்டு 24-ந் தேதி தூக்கில் போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் பொறுத்துத்தான் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டான். மூடத்தனம் அங்கேயும் இருந்தது; அதை மூடத்தனம் என்று சொல்லத் துணிந்த சட்டமும் இருந்தது. இவ்வளவுதான் வித்தியாசம்.

பாலத்தில் காசு போட்ட பெரியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் வடக்கே, 122-ம் வருஷ வாக்கில் ஹேட்ரியன் என்ற ரோமாபுரிச் சக்ரவர்த்தி, கடலுக்குக் கடல் 73 மைல் நீளத்துக்கு ஒரு மதில் எழுப்பத் தொடங்கினான். அந்த மதில் வடக்கு டைன் என்ற ஆற்றைத் தாண்டுகிற இடத்தில், பாலத்துக்குக் காவலாக ஒரு கோட்டை இருந்தது. இன்று அதற்குச் செஸ்டர்ஸ் என்று பெயர். அதில் குதிரைப்படையாகக் காவலிருந்தவர்கள் ரோமர்கள்கூட அல்ல. ரோமாபுரியான் ஜெயித்து அடக்கிய ஸ்பெயின் தேசத்து அஸ்தூரியர்கள். ஜெயித்தவனுடைய ஆற்றங்கரைக்கு ஜெயிக்கப்பட்டவன் காவல்! அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள இன்னொரு கோட்டைக்குப் பக்கத்தில், கோவென்டினா என்ற நீர்த் தேவதைக்கு ஓர் ஊற்று இருந்தது. 1876-ல் அதைத் தோண்டிப் பார்த்தபோது 13,000-க்கு மேற்பட்ட நாணயங்கள் அகப்பட்டன. அத்தனையும் "அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று போட்டவைதான். 410-ம் வருஷ வாக்கில் ரோமாபுரி ஆட்சி அந்நாட்டை விட்டே போய்விட்டது. தேவதை கோட்டையையும் காக்கவில்லை, மதிலையும் காக்கவில்லை, தன் காசையும் காக்கவில்லை. இன்று அவளுக்கு ஒரு சூடம் கொளுத்த ஆளில்லை. 13,000 காசு வாங்கியவள் கதி இப்படியானால், நம் பெரியவரின் ஒரு காசு என்ன செய்யும் என்று கேட்கின்றோம்.

இதைச் சொன்னால் படித்த ஆஸ்திகர்கள் ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோமாபுரிக் கப்பற்படைத் தலைவன் ஒருவன், கி.மு. 249-ல் சகுனக் கோழிகள் தீனி தின்னவில்லை என்று சொன்னதைக் கேட்டு, "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று அவற்றைக் கடலில் எறிந்துவிட்டுப் போருக்குப் போனான், தோற்றான், சகுனத்தை இகழ்ந்த பலனைப் பார்த்தாயா என்பார்கள். சரி, ஒப்புக்கொள்ளுவோம். சகுனத்தை மதித்தவன் கதி என்ன? கி.மு. 413-ல் ஏதென்ஸ் நகரத்துச் சேனாதிபதி நிக்கியாஸ், சிசிலித் தீவில் சேனையோடு திரும்பிப் புறப்படுகிற சமயத்தில் சந்திர கிரகணம் பிடித்தது. குறி சொல்லுகிறவர்கள், "மும்மூன்று ஒன்பதாக 27 நாள் புறப்படக் கூடாது" என்றார்கள். அந்தப் பக்திமான் அப்படியே உட்கார்ந்தான். எதிரிகள் துறைமுகத்தை அடைத்துக்கொண்டார்கள். சேனை முழுதும் அழிந்தது, நிக்கியாசும் கொல்லப்பட்டான். கோழியை எறிந்தவன் ஒரு சண்டையில் தோற்றான். கிரகணத்துக்கு உட்கார்ந்தவன் சேனையையே தோற்றான்.

அவ்வளவு தூரம் போவானேன்? திப்பு சுல்தான் கோழையல்லர். வீரத்தில் அவருக்கு ஈடு சொல்ல அக்காலத்து அரசர்களில் ஆள் குறைவு. அப்படிப்பட்டவரிடம் 1799 மே 4-ந் தேதி காலையில், இன்றைய தினம் தங்களுக்கு ஆகாத தினம் என்று ஜோதிடர்கள் சொன்னார்கள். பரிகாரமாக யானை தானம், எள் தானம், பணம், துணி எல்லாம் குறைவில்லாமல் கொடுக்கப்பட்டன. அன்று பிற்பகலில் இங்கிலீஷ் படை, தண்ணீர் வற்றியிருந்த காவேரியை நடந்தே கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் ஏறிற்று. திப்பு போரில் மாண்டார். தானம் வாங்கினவர்களுக்கு யானை மிஞ்சியது. கொடுத்தவருக்குக் கோட்டை மிஞ்சவில்லை. மே மாதத்தில் காவேரியில் தண்ணீர் குறையும், எதிரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்ல ஜோதிடர் தேவையில்லை. ஆற்றங்கரைச் சலவைத் தொழிலாளி சொல்லுவான்.

நம்முடைய கொசஸ்தலை ஆறே இன்னொரு பாடம் சொல்லியிருக்கிறது. 1780 ஆகஸ்டு 25-ந் தேதி, சுமார் 2,800 பேரோடு வந்த பெய்லி என்ற இங்கிலீஷ் தளபதி, ஆறு வறண்டிருக்கிறதே, நாளைக்குக் கடக்கலாம் என்று வடகரையில் கூடாரம் போட்டான். இராத்திரி மழையில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் கடக்க முடிந்தது. அதற்குள் ஹைதர் அலி சுதாரித்துக்கொண்டார். செப்டம்பர் 10-ந் தேதி புள்ளலூரில் பெய்லியின் படை நாசமாயிற்று. காஞ்சிபுரத்தில் இருந்த அவனுடைய மேலதிகாரி மன்றோ, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினான். ஆறு நல்ல நேரம் பார்ப்பதில்லை, வெள்ளை ஜாதி கறுப்பு ஜாதி பார்ப்பதில்லை. கடக்க வேண்டிய வேளையில் கடந்தவனுக்கு அது வழி. உட்கார்ந்தவனுக்கு அது மதில். முதல் பஸ்ஸும் அப்படித்தான்.

மறுபடியும் ஆற்காட்டுக்கு வருவோம். கோட்டையில் நுழைந்த கிளைவை, சந்தா சாயபுவின் குமாரர் ராஜா சாயபு சுமார் 10,000 பேரோடு வந்து 50 நாள் முற்றுகை போட்டார். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை இடிக்க ஓட்டினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அந்த யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. காவல் காக்கத் தகுந்தவர்களாக 120 வெள்ளையரும் 200 சிப்பாய்களுமே உள்ளே இருந்தும் கோட்டை விழவில்லை. 1,100 பேர் இருந்து விழுந்த அதே கோட்டைதான். அதே பழைய மதில்தான். அதே தூர்ந்த அகழிதான். கோட்டையைக் காத்தது கல்லல்ல, கடவுளல்ல, நட்சத்திரமல்ல என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

அந்த முற்றுகையில் அரிசி குறைந்தபோது, "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சிப்பாய்கள் தாங்களே வந்து சொன்னதாக ஒரு கதையுண்டு. 1840-ல் மெக்காலே இதை வெகு உருக்கமாக எழுதினார். இதில் மெய் எவ்வளவு, மெருகு எவ்வளவு என்பதில் சரித்திரக்காரர்களுக்குள்ளேயே சந்தேகமுண்டு. எப்படியிருந்தாலும், ஜெயித்தவன் மெச்சிச் சொல்லுகிற கதை அடிமைக் குணத்தைத்தான் மெச்சும் என்பதை மறக்கக்கூடாது. இடிக்கு அஞ்சாத 300 பேர் தங்களுக்காக அஞ்சாமல் இருந்திருந்தால் இந்நாட்டின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். தைரியம் இருந்தும் சுயமரியாதை இல்லாவிட்டால் கஞ்சிதான் மிச்சம்.

பிறகு 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். 1783-ல் திப்பு அதை விட்டுப் போகும்போது மதில்களை வெடி வைத்துத் தகர்த்தார். மிஞ்சியதுதான் நாங்கள் நிழலுக்கு உட்கார்ந்த வாசல்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வாலிபர், "ஆனாலும் ஐயா, அக்கா எதிர்ல வந்தாங்க, வேலை போச்சே, அது பலிச்சுதானே போச்சு?" என்றார். நாம் கோபித்துக்கொள்ளவில்லை, தாய்ப்பாலோடு ஊட்டினது ஒரு நாளில் போகுமா? சில கேள்விகளை மாத்திரம் கேட்டோம்.

"தம்பி, உன் அக்கா கையில் என்ன இருந்தது?"

"தண்ணிக் குடம்."

"நிறைகுடமா, வெறுங்குடமா?"

"நிறைகுடம்தான்."

"நிறைகுடம் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று உன் சாஸ்திரம் சொல்லுகிறது. விதவை எதிரே வந்தால் கெட்ட சகுனம் என்றும் அதுவே சொல்லுகிறது. விதவை நிறைகுடத்தோடு வந்தால் கூட்டிக் கழித்து என்ன வரும்? அன்றியும், ஐந்து வருஷமாக அந்த அக்கா உன் எதிரே வராத நாள் உண்டா? நீ பரீட்சையில் தேறின தினம் எதிரே வந்தவள் யார்? அவள் எதிரே வந்ததனால் பஸ் போயிற்றா, நீ உள்ளே போய் உட்கார்ந்ததனால் போயிற்றா?"

வாலிபர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உட்கார்ந்ததாலதான்" என்றார்.

அவ்வளவுதான் சங்கதி. கோட்டைக்காரர்கள் ஓடினார்கள், ஆகையால் கோட்டை விழுந்தது; கோட்டை விழுந்ததனால், சகுனம் பலித்தது என்று சொல்லிக்கொண்டார்கள். இவர் உட்கார்ந்தார், ஆகையால் பஸ் போயிற்று; பஸ் போனதனால், அக்காள் ராசி கெட்டது என்றார்கள். நம்பினவனையே கூலியில்லாத ஆளாக வைத்துக்கொண்டு, தன்னைத் தானே பலிக்கச் செய்துகொள்ளுகிற புரட்டுக்குச் சகுனம் என்று பெயர். கோட்டை போனாலும் போகட்டும். அது நவாபின் சொத்து. ஆனால் உழைத்துப் போட்ட ஒரு பெண்ணை, விடியற்காலையில் தன் தம்பி முகத்தைப் பார்க்கக் கூசி அடுப்படியில் ஒளிந்துகொள்ளச் செய்தீர்களே, அது யாருடைய சொத்து? அதைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பஞ்சாங்கத்தில் பரிகாரம் எழுதியிருக்கிறது?

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். புருஷன் செத்தது அந்தப் பெண்ணின் குற்றமா? பெண்சாதி செத்தவன் எதிரே வந்தால் கெட்ட சகுனம் என்று எந்தச் சாஸ்திரமாவது சொல்லுகிறதா? அவன் அடுத்த மாதமே மாப்பிள்ளையாக மணையில் உட்காருகிறான். அவனுக்கு நீங்களே ஆரத்தி எடுக்கிறீர்கள். ஒரே சாவுக்கு ஆணுக்கு மாலையும் பெண்ணுக்கு மூலையும் வைத்தது யார் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

அந்த வாலிபருக்கு வேறொரு இடத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. இந்தத் தடவை அக்காள்தான் முன்னால் நடந்துபோய்த் தன்னை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று அவரே வீட்டில் சொல்லிவிட்டார். தாயார் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள், "ஆனது ஆகட்டும், நேரத்தோட போனா சரி" என்றாராம். வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அவர் கற்ற தொழிலையும் கேட்கிறவர்களின் தேவையையும் பொறுத்தது. அதற்கு நாம் ஜோதிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் பஸ் தவறாது என்பதை மாத்திரம் நிச்சயமாகச் சொல்லுவோம்.

தோழர்களே! ஆற்காட்டுக்குப் போகிறவர்கள் அந்த வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே சூடம் கொளுத்த வேண்டாம், காசு போட வேண்டாம். 1,100 பேர் ஓடிப்போன கோட்டைக்கு வாசல் இதுதான் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும், உங்கள் வீட்டு அடுப்படியில் ஒதுங்கி நிற்கிற அக்காளை, தங்கையை, சித்தியை வாசலுக்கு அழைத்து வாருங்கள்.